குழாயை நிமிர்த்திய அந்தக் காலை

உயிலங்குளத்தில் எங்கள் தோட்டத்துக்கு மேலால் உயர் அழுத்த மின்கம்பிகள் போகின்றன. மாடுகள் வெங்காயப் பாத்திக்குள் இறங்கியதால், அந்தக் கம்பிகளுக்கு நேர் கீழே மரக்கட்டைகள் நட்டு முள்ளுக்கம்பி வேலி அடித்திருந்தோம்.

அன்று காலை கணவரும் அவருடைய தம்பியும் அந்த வேலியோரத்துக் குழாய்க்கிணற்றுக்குள் இறக்குவதற்காக இருபதடி இரும்புக் குழாயைத் தூக்கினார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். ஈரமண்ணில் வெறுங்காலோடு நின்று வேலிக்கம்பியை விலக்கியபோது விரலில் சுளீரென்று கடித்தது. அலறிவிட்டேன்.

“என்னப்பா, பாம்பே?” என்றார் கணவர்.

“இல்லை, வேலி கரண்ட் அடிக்குது!”

“வேலிக்கு ஆர் கரண்ட் குடுத்தது?” என்று தம்பி சிரித்தார். அதற்குள் குழாய் முக்கால்வாசி நிமிர்ந்துவிட்டது. அப்போதுதான் நான் மேலே பார்த்தேன்.

“ஐயோ, நிமிர்த்தாதேங்கோ! மேல லைன்!”

இருவரும் அப்படியே உறைந்து நின்றார்கள். பிறகு மெல்ல மெல்லக் குழாயைச் சரித்தார்கள். அது நிலத்தைத் தொடும்வரை நான் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்து பார்த்த மின்சார ஊழியர், “மேல லைன் போனா, தொடாமலே கீழ உள்ள கம்பியில கரண்ட் ஏறும். வேலியில வந்தது சின்ன அதிர்ச்சிதான். குழாய் லைனில முட்டவே தேவையில்லை, கிட்டப் போனாலே ஆள் முடிஞ்சுது” என்றார்.

இப்போது வேலியில் ஏறும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும்படி வேலிக்கம்பியை முறைப்படி நிலத்தோடு இணைத்துவிட்டோம். நீளமான எதையும் படுக்கையாகவே கொண்டுபோகிறோம். வெளியே புறப்படும் ஒருவரிடம் எங்கே என்று கேட்பது நல்ல சகுனமில்லை என்பார்கள். ஆனாலும் கணவர் நீளத் தடியோடு இறங்கினாலே எங்கே என்று நான் கேட்கிறேன். அவரும் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போகிறார்.