கோல் கேட்ட குரல்

நம்பாதவர்கள் கப்பல் ஏறி அந்தமானில் இருக்கும் ஷாதிபூருக்கு வாருங்கள். நீலாவதியின் கோணலாய் ஒட்டிய இடது கையை ஒரு தடவை பாருங்கள். பிறகு பேசலாம்.

எழுபத்திரண்டாம் வருடம். அவள் புருஷன் ராஜமாணிக்கத்துக்கு மெட்ராஸில் நெஞ்சைப் பிளந்து இதய ஆபரேஷன் செய்திருந்தார்கள். "காத்தோட்டமான இடத்துல படுக்கணும். சத்தம் ஆகாது. தையல் பிரிஞ்சா ஆள் மிஞ்ச மாட்டார்" என்று டாக்டர் கண்டித்துச் சொல்லி அனுப்பினார். புருஷன் துறைமுக வேலையில் இருந்த போர்ட் பிளேயருக்கு நீலாவதி முதன்முதலாக வந்தது அப்போதுதான். இந்தி அறவே தெரியாது. ஷாதிபூரில் கடல்காற்று வீசும் மரவீடு ஒன்று கிடைத்தது. இவ்வளவு நல்ல வீடு ஏன் காலியாகக் கிடக்கிறது என்று அந்தப் பாவி மகள் யோசிக்கவில்லை.

ஒரு மத்தியானம். நல்ல மழை. காற்றுக்காகக் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தே கிடந்தன. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

டொக்... டொக்...

"கோல்..."

ஊன்றுகோலை அவர் அப்படித்தான் கேட்பார். "எந்திரிக்கப் போறீங்களா? இருங்க, வந்துட்டேன்" என்று அடுப்படியிலிருந்து ஓடிவந்து கோலை அவர் கையில் வைத்தாள். விரல்கள் மூடவில்லை. உதடும் அசையவில்லை.

"கோல்... கோல்!"

அது அவர் குரலே இல்லை.

கோல் தானாக எழுந்தது.

முதல் அடி நேராகத் தையல் மேல் விழுந்தது. சட்டை சிவந்தது. அவர் அலறினார். அடுத்த அடிக்குள் நீலாவதி அவர்மேல் விழுந்து கையைக் குறுக்கே கொடுத்தாள்.

மளுக்!

எலும்பு.

மறுபடி... மறுபடி...

அவளுக்கு வெறி பிடித்தது. கோலைப் பல்லால் கவ்வி இழுத்துப் போய், எரிகிற அடுப்பில் திணித்தாள். வாயெல்லாம் ரத்தம்.

வீடு அடங்கியது.

அலறல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக் கிளாரா, நடந்ததைக் கேட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அது கம்பு கேக்கல தங்கச்சி. இந்தியில கோல்னா 'தொற'. முன்னாடி இங்க ஒரு நெஞ்சுநோய்க்காரன் இருந்தான். சத்தமில்லாமத் தூங்கட்டும்னு அண்ணன்காரன் வெளியே பூட்டிட்டுப் போயிட்டான். கதவை அடிச்சு அடிச்சே செத்தான்."

"கதவுதான் தொறந்தே கிடந்துச்சேக்கா!"

கிளாரா ராஜமாணிக்கத்தின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

நாடி இல்லை.

ஆனால் நெஞ்சுக்குள்ளிருந்து கேட்டது...

டொக்... டொக்...

"கோல்..."