நேரம் எழுதாத குழாய்

மருத்துவமனை ஆய்வகத்தில் மாதிரிகளை வாங்கிச் சரிபார்க்கும் அவளைக் ‘கறார் அக்கா’ என்பார்கள், அதுவும் அவள் காதுபடவே. அவள் கண்டுகொள்வதில்லை. கவனம் நிலைக்காமல், தொடங்கிய வேலையை முடிக்கத் திணறும் பதின்வயதுப் பிள்ளைகளின் உமிழ்நீரில் ஏதாவது அடையாளம் தெரிகிறதா என்று அங்கே இரண்டு வருடமாக ஆராய்ச்சி நடக்கிறது. பிள்ளைகள் வீட்டில் கண்விழித்ததும் ஒரு குழாயில் உமிழ்நீர் எடுக்க வேண்டும், அரைமணி கழித்து இன்னொன்றில். இரண்டிலும் நேரம் எழுதியிருக்க வேண்டும். எழுதாத குழாய் நேரே குப்பைக்குப் போகும். மூன்று முறை தவறினால் பிள்ளைக்கே ஆராய்ச்சியில் இடமில்லை. எந்தத் தாய் வந்து கெஞ்சினாலும் அவள் மசிய மாட்டாள்.

அவளுடைய பதினான்கு வயது மகளுக்கும் இதே தொந்தரவுதான். ஆராய்ச்சியில் சேர்ந்தபின் கிடைத்த வாராந்தரப் பயிற்சியில்தான் அந்தப் பெண் தன் பையைத் தானே அடுக்கப் பழகியிருந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை தவறிவிட்டாள். இன்று காலை முதல் குழாயில் ஆறு இருபது என்று இருந்தது; இரண்டாவதில் நேரம் இல்லை.

“ரெண்டாவது எப்ப எடுத்த?”

“தெரியலம்மா. பல்லு விளக்கினேன், அப்புறம் சீப்பைத் தேடினேன்... நடுவுல எப்பவோ.”

அம்மா பேனாவை எடுத்தாள். ஆறு ஐம்பது என்று எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

“எழுதாதம்மா. நான் மறந்துட்டேன். அதைத்தானே அவங்க தெரிஞ்சுக்கணும்?”

அம்மா பேனாவை மூடினாள். ஆய்வகத்துக்குப் போனதும் அந்தக் குழாயை, ஆராய்ச்சியை நடத்தும் மருத்துவரின் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னாள்.

“நேரம் தெரியாத குழாய் உதவாதும்மா,” என்றார் அவர்.

“குழாய் உதவாதுதான் டாக்டர். பிள்ளைங்களையும் ஏன் வெளிய அனுப்பினோம்? மறக்கிறதுதானே அவங்க பிரச்சினை? ரொம்ப மறக்கிறவங்களை எல்லாம் வெளிய அனுப்பிட்டு யாரைப் பத்தி எழுதப் போறோம்?”

அவர் அந்தக் குழாயை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, “மறந்ததையும் இனிமே பதிவு பண்ணிக்கலாம். உங்க பொண்ணு தொடரட்டும்,” என்றார்.

“அப்ப நான் அனுப்பின பத்தொன்பது பேரு?”

அவர் தலைகுனிந்து, பழைய பட்டியலை எடுத்து நீட்டினார். அவள் தொலைபேசியின் முன் உட்கார்ந்து முதல் எண்ணை அழுத்தினாள். எடுத்தது ஒரு தாய். எங்கிருந்து பேசுகிறாள் என்று சொன்னதுமே அந்தத் தாய் குறுக்கிட்டாள்.

“எம் பையன் மறுபடியும் ஏதாவது தப்பு பண்ணிட்டானாங்க?”

“இல்லைங்க,” என்றாள். “பண்ணினது நான்.”