ஓரங்கட்டும் பட்டியக்கா

குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டுதான் பட்டியக்கா பேசுவார். திட்டினால்கூடப் பாதிதான் வெளியே வரும். மீதியைக் கேட்பவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். "ம்ம்... கால எடுங்க. போர்வைய மிதிக்காதீங்க" என்பதுதான் எனக்குக் கிடைத்த வரவேற்பு.

அவருடைய தம்பி வீட்டின் முன்னறைதான் கடை. துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, உள்ளே பஞ்சு வைத்து, கனமான போர்வைகள் தைக்கிறார்கள். நிறம் பார்த்து, வெட்டி, ஒட்டி நடுப்பகுதியை உருவாக்குவது தம்பி மனைவி. நான்கு பக்கமும் பட்டி என்னும் நீளத் துணிக்கீற்றை வைத்து ஓரத்தை மூடுவது அக்கா. தெருவே அவரைப் பட்டியக்கா என்கிறது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எதிர்வீட்டுக்காரருக்கே தெரியாது.

நீளமான பட்டியை இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, முன்பக்கம் மிஷினில் ஓட்டி, பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங் செய்கிறார். நூல் வெளியே தெரியாது. மூலை வரும்போது மட்டும் அறையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. பட்டியை மேலே மடித்து, கீழே இறக்கி, நகத்தால் ஒரு கீறு கீறி, மூலை கூராக உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்களுக்குப் பேச அனுமதி. அந்த நேரத்தில் வாசல் மணியை அடித்த தபால்காரர் ஒருவர், இன்றுவரை கதவைத் தட்டவே யோசிக்கிறாராம்.

போகிற இடத்திலும் அவர் கண் ஓரத்தில்தான் நிற்கும். என் வீட்டுக்கு ஒருமுறை வந்தவர் காபியைத் தொடுவதற்கு முன் மேஜைவிரிப்பின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார். "பிரிஞ்சு தொங்குது. இதுல எப்படித்தான் சாப்பிடுறீங்களோ!" அன்றிலிருந்து என்னாலும் அதில் சாப்பிட முடியவில்லை. அதே மனுஷி போர்வையின் நடுவைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "நடுவுல பூ இருந்தா என்ன, பூனை இருந்தா என்ன? ஓரம் நிக்கலேன்னா ரெண்டு தடவ துவைச்சதும் பஞ்சு வெளிய வந்து பல்லக் காட்டும்."

வாங்க வருகிறவர்கள் பூவையும் பூனையையும்தான் புகழ்வார்கள். அப்போது பட்டியக்கா சன்னலுக்கு வெளியே மும்முரமாக எதையோ பார்ப்பார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிறது.

கணவர் போன பிறகு தம்பி வீட்டுக்கு வந்தவர். யாரும் அவரை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதற்குத் தன் ஊசிதான் காரணம் என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையில்தான் தினமும் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்கிறார்.

நான் தைக்கச் சொல்லியிருந்த போர்வையை வாங்கப் போன அன்று அவர் கடைசி இணைப்பில் இருந்தார். சுற்றி வந்த பட்டியின் இரண்டு முனைகளையும் சேர்க்கும் இடம் அது. சமையலறையில் தம்பி மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், ஆனால் அந்த வீட்டுச் சுவருக்குக் காது மட்டுமல்ல, வாயும் உண்டு. "இனிமே ஓரத்த உங்க கடையிலயே மிஷின்ல போட்டுருங்க. ஆமா, எல்லாத்துக்கும்."

பட்டியக்கா நிமிரவில்லை. முனைகளைச் சேர்த்தார், தைத்தார், நூலை அறுத்தார். விரித்தால் பட்டி ஒரு சுற்று முறுக்கிக்கொண்டு நிற்கிறது. தையல் படிக்க வந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு.

அப்போது வெளியே வந்த தம்பி மனைவி அதைப் பார்த்துவிட்டார். "என்ன அண்ணி, முறுக்கிக்கிச்சு?"

"பட்டிதான் முறுக்கிக்கிச்சு. நான் ஒண்ணும் முறுக்கிக்கல."

"போன்ல பேசுனது கேட்டுச்சா?"

"அடுத்த தெருவுக்கே கேட்டுச்சு. இத்தன நாள் நான் உனக்கு ஓரங்கட்டினேன். இப்ப நீ என்னைய ஓரங்கட்டுற."

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. சிரித்ததை இருமலாக மாற்றிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினேன்.

தம்பி மனைவியின் கண் கலங்கிவிட்டது. "விடுதிக்காரங்க மொத்தமா கேட்டிருக்காங்க அண்ணி. உங்க ஒரு கையால ஆகுற வேலையா அது? விரல நீவிக்கிட்டே தூங்குறீங்களே, நான் பாக்கலேன்னு நெனச்சீங்களா?"

"சரி. அப்ப இந்த வீட்ல எனக்கு என்ன வேல?"

முறுக்கைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும் என்று என்னை வெறுங்கையோடு அனுப்பினார்கள்.

மறுவாரம் நான் போனபோது மிஷினில் ஓரம் தைக்கும் அந்தக் கடையிலிருந்து மாதிரிப் போர்வை வந்திருந்தது. பட்டியக்கா அதை மடியில் போட்டுக்கொண்டு நான்கு மூலைகளையும் நகத்தால் கீறிப் பார்த்தார். பின்பக்கத்தைப் புரட்டினார். ஓரத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். ஏதாவது ஓர் இழை பிரியாதா என்று நானும் கொஞ்சம் ஆசைப்பட்டேன். பிரியவில்லை.

"நல்லாத்தான் தச்சிருக்கான்" என்றார். குரலில் கோபமும் இல்லை, பெருந்தன்மையும் இல்லை. போர்வையை நான்காக மடித்து வைத்தார்.

பிறகு எழுந்து, தன் நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு போய்த் துணி வெட்டும் மேஜைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். குவியலிலிருந்து ஒரு நீலத் துண்டையும் ஒரு மஞ்சள் துண்டையும் உருவிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிடிக்கவில்லை போலும், மஞ்சளைத் தள்ளிவிட்டுச் சிவப்பை எடுத்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

தம்பி மனைவி அந்தச் சிவப்பைப் பார்த்தார். தன் கத்தரிக்கோலையும் அளவுநாடாவையும் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு மேஜையில் பாதியைக் காலி செய்தார். பட்டியக்கா நன்றாக முன்னால் நகர்ந்து, இரண்டு முழங்கைகளையும் அங்கே ஊன்றிக்கொண்டார்.