செத்த பிறகு கதவைத் திறந்தவர்

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வாசலில் நாள் முழுக்கக் கேட்டைத் திறந்து மூடுவது அவருடைய பிழைப்பு. விடுமுறை நாட்களில் சினிமாவில் பிணமாகக் கிடப்பது அவருடைய கலை. இரண்டுக்கும் வேண்டிய தகுதி அலுப்பு. அது அவரிடம் தாராளமாக இருந்தது. படுக்கச் சொன்னால் அப்பாடா என்று படுத்துவிடுவார், எழுப்புவதுதான் பாடு.

இதுவரை மூன்று படங்களில் செத்திருந்தார். மூன்றிலும் குப்புற. "இது நீங்கதான்னு யாரு கண்டா? முதுகு எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்று மனைவி சொல்லிவிட்டாள். அது அவருக்குள் முள்ளாய்த் தங்கியது. ஒரு தடவையாவது முகத்தோடு, உயிரோடு, அவள் காது கேட்க ஒரு வசனம் பேசிவிட வேண்டும்.

நாலாவது படத்தில் முகமூடிக் கொலைகாரன். முகமூடியில் கண்ணுக்கு விட்ட ஓட்டை சின்னதாகப் போனதால் அவன் ஆளை விட்டுத் தலையணையைக் குத்திக்கொண்டிருந்தான். ரத்தம் என்பது சர்க்கரைப் பாகு. அதை எறும்புகள் மட்டும் நம்பின.

"அண்ணே, மல்லாக்க ஆடாம கிடங்க. நாளைக்கு உங்களுக்கு வசனம் தர்றேன்" என்றார் இயக்குநர்.

மூக்குக்குள் எறும்பு போனபோதும் அவர் ஆடவில்லை. மறுநாள் வசனம் கிடைத்தது. மணி அடித்ததும் கதவைத் திறந்து, "யாருப்பா இந்த நேரத்துல?" என்று கேட்க வேண்டும். கதைப்படி அதற்குப் பிறகுதான் குத்து.

படத்தை வெட்டி ஒட்டியவர் இயக்குநரின் மச்சான், கல்யாண வீடியோக்காரர். அவர் தொழிலில் முதலில் எடுத்தது முதலில் வரும்; சாப்பாட்டை முன்னால் காட்டிக் கல்யாணத்தைப் பின்னால் காட்டினால் உதை விழும். கொலைக்கும் அதே நியாயத்தை வழங்கினார்.

தியேட்டரில் மனைவி பக்கத்தில் இருக்க, திரையில் அவர் கத்திக் குத்துப்பட்டுச் சாய்ந்தார். உடனே மணி அடித்தது. செத்தவர் சலவைச் சட்டையோடு வந்து கதவைத் திறந்து, "யாருப்பா இந்த நேரத்துல?" என்று அலுத்துக்கொண்டார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இருக்கையில் சரிந்தவருக்கு நிஜமாகவே செத்திருக்கலாம் என்று தோன்றியது.

வீட்டில் செருப்பைக் கழற்றும்போதுதான் மனைவி வாயைத் திறந்தாள். "முகம் நல்லாத் தெரிஞ்சுது. குரலும் நீங்கதான். அந்த அலுப்பு வேற யாருக்கு வரும்?"

அவர் மெல்ல நிமிர்ந்தார்.

"ஆனா ஒண்ணு. ஊருக்கெல்லாம் கேட் தொறக்கறீங்க. செத்ததுக்கு அப்புறமும் எந்திரிச்சுத் தொறக்கறீங்க. இங்க பெல் அடிச்சா மட்டும் ஏன் கட்டையாக் கிடக்கறீங்க?"

பதில் யோசிப்பதற்குள் மணி அடித்தது. அவள் அசையவில்லை, அவரையே பார்த்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். வாய் தானாகவே சொல்லிற்று:

"யாருப்பா இந்த நேரத்துல?"

"தியேட்டர்ல இதைவிட நல்லா சொன்னீங்க" என்றாள் பின்னாலிருந்து.