போர்ச் செய்திக்குப் பச்சை டிக் போட்டவள்

ஊரிகம் ஸ்டேஷனில் காலை ரயில் இரண்டு நிமிடம் நிற்கும். அந்த இரண்டு நிமிடத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — எனக்கு யோசனை வருவது ஊருக்கு நல்லதில்லை.

உக்ரைனுக்குள் ரஷ்யப் படை நுழைந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. மாரிகுப்பத்திலிருந்து பெங்களூரு போகும் எங்கள் ரயிலில், லேடீஸ் பெட்டியில் வழக்கமாகப் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் பூ கட்டுவார்கள். அன்று ஒருவரும் தூங்கவில்லை. பூ மட்டும் கட்டினார்கள்.

"மூணு நாள்ல முடிஞ்சிடும்னு சொன்னாங்களே, இன்னாச்சி?" என்று ஆரம்பித்தார் செல்வியக்கா. பெங்களூருவில் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். ரயிலிலும் அவர்தான் சூப்பர்வைசர்.

"யாருக்கா சொன்னது?"

"டீவில தான். கோட்டு போட்டுக்கினு ஒரு ஆளு கத்தறான். பின்னாடி ஏரோப்ளேன் பறக்குது. எங்க வீட்டுப் பையன் பாத்துட்டு, 'அம்மா, இது என் கேம்ல வர்ற ஏரோப்ளேன்'ன்றான்!"

பெட்டியே சிரித்தது. இந்தப் பக்கம் இவ்வளவு டாங்கியை உடைத்தோம் என்கிறது, அந்தப் பக்கம் அவ்வளவு விமானத்தைச் சுட்டோம் என்கிறது. "ரெண்டு கணக்கையும் கூட்டிப் பாரு, அங்க சண்ட போட ஒரு ஆளு மிச்சம் இருக்கக் கூடாது" என்றார் செல்வியக்கா. சன்ஃப்ளவர் ஆயில் விலை ஏறும் என்றார் இன்னொருவர். அது ஒன்றை மட்டும் எல்லோரும் சந்தேகமே இல்லாமல் நம்பினார்கள்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை பொய்க்கு நடுவே எளிய மக்கள் தவிக்கிறார்களே, யாராவது ஒருத்தி முன்வர வேண்டாமா? அந்த ஒருத்தி ஏன் நானாக இருக்கக் கூடாது? ஒரு வருட ஜர்னலிசம் டிப்ளோமா இருக்கிறது. வேகமான இன்டர்நெட் இருக்கிறது. வாய் இருக்கிறது…

பங்காரப்பேட்டை வருவதற்குள் வாட்ஸ்அப் குரூப் தயார். பெயர்: 'உண்மை மட்டும்'. அடக்கம் என்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

விதிமுறைகளும் வைத்தேன். யார் எந்தப் போர் வீடியோ அனுப்பினாலும் முதலில் மஞ்சள் வட்டம் — 'சரிபார்க்கப்படுகிறது'. பொய் என்றால் சிவப்புப் பெருக்கல். தொடர்பில்லாத இரண்டு இடங்களில் அதே செய்தி இருந்தால் பச்சை டிக். பார்த்தீர்களா, எவ்வளவு விஞ்ஞானபூர்வம்!

முதலில் எல்லாம் நன்றாகவே போனது. செல்வியக்கா வீட்டுப் பையனின் விமானத்துக்குச் சிவப்பு. வேறு நாட்டில் எப்போதோ நடந்த வெடிவிபத்து ஒன்றுக்குச் சிவப்பு. என் புகழ் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் வரை போய்விட்டது. கொத்தமல்லி வாங்கப் போனால், "மேடம், சண்ட எப்ப முடியும்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இரண்டு வாரத்தில்" என்றேன்.

எதை வைத்துச் சொன்னேன்? எதையும் வைத்து இல்லை. அவர் அவ்வளவு மரியாதையாகக் கேட்டார், வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை.

இந்த இடத்தில் விஜயா ஆன்ட்டியைச் சொல்லியாக வேண்டும். தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் எனக்கு அடுத்த வீடு. அவருடைய மகள் திவ்யா உக்ரைனின் கிழக்குப் பக்கம் ஒரு நகரத்தில் டாக்டருக்குப் படிக்கிறாள். சண்டை தொடங்கியதிலிருந்து ஹாஸ்டலின் பேஸ்மென்ட்டில் இருந்தாள். பிஸ்கட், தண்ணீர், மாற்றி மாற்றி ஒரு சார்ஜர். மேலே ஊரடங்கு, காலையில் சில மணி நேரம் மட்டும் தளர்வு. அந்த நேரத்தில் ஸ்டேஷனுக்குப் போய்விட்டால் மேற்கே எல்லைப் பக்கம் போகும் ரயிலில் ஏறிவிடலாம். ஏறினால்தான் வீடு.

'உண்மை மட்டும்' குரூப்பில் நான் சேர்த்தவர்களில் விஜயா ஆன்ட்டியும் ஒருவர். நான்தான் வற்புறுத்திச் சேர்த்தேன். "டீவி பார்க்காதீங்க ஆன்ட்டி, என்னைப் பாருங்க" என்றே சொன்னேன்.

ஒரு காலை, யாரோ எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார்கள். பனி மூடிய வெளிறிய மலை. அடிவாரத்தில் எரிந்துபோன வண்டிகள். திடீரென்று ஒரு வெடி, ஒரே புகை. கீழே, திவ்யா இருக்கும் நகரத்தின் பெயரைப் போட்டு, 'ஸ்டேஷன் போகும் சாலை, மாணவர்கள் சென்ற பஸ் மீது தாக்குதல்' என்று எழுதியிருந்தது.

உடனே விஜயா ஆன்ட்டிக்கு போன் போடத்தான் தோன்றியது. ஆனாலும் விதியை மீறவில்லை. மஞ்சள் வட்டம் போட்டு குரூப்பில் வெளியிட்டேன். பிறகு தேடினேன். அரை மணி நேரத்தில் என் சொந்தக்காரர்கள் குரூப்பில் அதே வீடியோ! ஆபீஸ் குரூப்பிலும் அதே வீடியோ! இரண்டு இடம். இரண்டுக்கும் தொடர்பில்லை. பச்சை டிக்.

சொந்தக்காரர்கள் குரூப்பில் அதைப் போட்டது என் சித்தி பெண். ஆபீஸ் குரூப்பில் போட்டது என் பக்கத்து சீட் பெண். இருவரும் 'உண்மை மட்டும்' உறுப்பினர்கள். நான் அனுப்பியது ஊரைச் சுற்றிக்கொண்டு என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. அதைச் சாட்சி என்று உட்கார வைத்து விசாரித்திருக்கிறேன்.

இதெல்லாம் அப்போது தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், விஜயா ஆன்ட்டி வாசலிலேயே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீ நல்லா இருப்ப பாப்பா. பசங்கல்லாம் ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டாங்க. இவளும் பேக் மாட்டிக்கினு நிக்கிறா. உன் வீடியோ பாத்தேன். போவாதடி, அம்மா மேல சத்தியம், போவாதன்னு அழுதேன். நின்னுட்டா."

எனக்கு என்ன தோன்றியது என்று உண்மையைச் சொல்லட்டுமா? பெருமை. ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டேன்! இந்தப் பத்திக்கு முதல் வரிகூட மனதில் ஓட ஆரம்பித்தது.

செருப்பைக் கழற்றுவதற்குள் திவ்யாவிடமிருந்து மெசேஜ். பேஸ்மென்ட்டில் அவள் முறைக்கு சார்ஜர் வந்திருக்கிறது.

"அக்கா, அம்மா அனுப்பின வீடியோ இப்பதான் ஓபன் ஆச்சு. அது நம்ம சைனைட் மேடு தானே? பின்னாடி சுரங்க ஷாஃப்ட் மேல நிக்கிற சக்கரம் தெரியுது பாருங்க. சினிமா ஷூட்டிங் நடந்துச்சே, நீங்க காலேஜுக்கு மட்டம் போட்டுட்டு என்னையும் கூட்டிக்கினு போனீங்களே…"

மறுபடியும் வீடியோவைப் பார்த்தேன். பனி இல்லை. சுரங்கத்திலிருந்து வந்த கல்லை மாவாக அரைத்து, சைனைட் ஊற்றித் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன எங்கள் மேடு. என் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப் போட்டால் எதிரே தெரியும் மேடு. இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன். ஓரத்தில் மங்கலாக ஷாஃப்டின் இரும்புச் சக்கரமும் இருந்தது. அந்த ஷூட்டிங்கில், எரிந்த வண்டி முன்னால் நின்று செல்ஃபி எடுத்தவள் நான்.

பேஸ்மென்ட்டில், குண்டுச் சத்தத்துக்கு நடுவே இருந்தவளுக்கு அடையாளம் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

அவளுடைய நண்பர்கள் ஏறிய ரயில் போய்விட்டது. அடுத்தது எப்போது? ஓடுமா? யாருக்கும் தெரியாது.

விஜயா ஆன்ட்டியிடம் சொல்லப் போனேன். பக்கத்து வீட்டுக்கு நடக்க எட்டு அடி. அதற்கு நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் ரயில் பங்காரப்பேட்டை போயிருக்கும்.

சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அந்த ரோட்டுல ஒண்ணும் ஆவலையா?"

"தெரியல ஆன்ட்டி."

"நாளிக்குப் போவச் சொல்லட்டா, வேணாவா?"

வாயைத் திறந்தேன். முதல் தடவையாக உள்ளே ஒன்றும் இல்லை.

"எங்கப்பாக்கு சுரங்கத்துல அண்டர்கிரவுண்டு வேல" என்றார், என்னைப் பார்க்காமல். "கீழ பாறை வெடிச்சா வீடே ஆடும். எங்கம்மா ஷாஃப்டுக்கு ஓடும். 'யாருக்கும் ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போங்க'ன்னு ஆபீஸ்காரன் சொல்லுவான். ஒரு பொம்பள நகர மாட்டா. ஆளுங்கள ஏத்திக்கினு கேஜு மேல வரணும், கதவு தொறக்கணும், ஆள கண்ணால பாக்கணும். அப்பதான் வீட்டுக்கு. அந்த வயித்துல பொறந்துட்டு உன் பச்ச டிக்க நம்பினேன் பாரு… என்ன செருப்பால அடிக்கணும்."

செருப்பு யாருக்கு என்று எனக்குப் புரிந்தது.

அவர் மகளுக்கு போன் போட்டார். "இந்தாடி, அம்மா சொன்ன சத்தியத்த வாபஸ் வாங்கிக்கினேன். இங்க யாரு பேச்சையும் கேக்காத. என் பேச்சும் வேணா. ரோட்ட நீ பாரு, உனக்கு இன்னா தோணுதோ அத்த செய்யி."

அன்றே குரூப்பில் மறுப்பு வெளியிட்டேன்: அந்த வீடியோ பொய், அது நம் சைனைட் மேடு, தவறு என்னுடையது. மன்னிப்பும் கேட்டேன். வந்த பதில்களைப் பாருங்கள். "மேடம், உங்களயும் மிரட்டிட்டாங்களா?" "அதெல்லாம் நம்ம மேடு கெடையாது, நான் நேர்ல பாத்திருக்கேன்." "எவ்ளோ குடுத்தாங்க?" நான் பொய் சொன்னபோது ஊரே நம்பியது. உண்மையைச் சொன்னதும் என் மேலேயே சிவப்புப் பெருக்கல்.

மறுநாள் தளர்வு நேரத்தில் திவ்யாவும் இன்னும் நான்கு பேரும் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். "வண்டி இருக்கு, ஏறிட்டோம்" என்று ஒரே ஒரு மெசேஜ். அதன்பிறகு இரண்டு நாள் ஒன்றுமில்லை.

அந்த இரண்டு நாளும் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு விஜயா ஆன்ட்டி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் காபி போட்டால் இரண்டு டம்ளர் வந்தது. டீவியில் கோட்டு போட்ட ஆள் கத்திக்கொண்டிருந்தார். ஆன்ட்டி எழுந்து போய் அணைத்தார். பேச வேண்டும்போல் எனக்கு நாக்கு அரித்தது. ரயில் இவ்வளவு நேரத்தில் இங்கே போயிருக்கும், எல்லை இத்தனை தூரம்… அத்தனையும் மேப்பில் பார்த்து வைத்திருந்தேன். காபியோடு சேர்த்து விழுங்கினேன்.

மூன்றாம் நாள் வீடியோ கால் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், ஏதோ ஒரு பள்ளிக்கூட ஹாலில் திவ்யா. முகம் கறுத்து, தலை கலைந்து…

"கிட்ட வாடி. மூஞ்சி தெரியல. திரும்பு. கைய காட்டு."

காட்டினாள்.

"இன்னொரு கை?"

"ஐயோ அம்மா, ரெண்டும் இருக்குது!"

அதற்குப் பிறகுதான் விஜயா ஆன்ட்டி அழுதார். நானும்தான். செல்வியக்காவுக்கு போன் செய்து சொன்னேன். "கண்ணால பாத்தியா, இல்ல யாராவது அனுப்பினாங்களா?" என்றார். கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு.

'உண்மை மட்டும்' குரூப்பைக் கலைத்துவிட்டேன். உறுப்பினர்கள் அதே நாளில் வேறொன்று தொடங்கிவிட்டார்களாம். அட்மின் கொத்தமல்லிக் கடைக்காரர்.

திங்கட்கிழமை மறுபடி ரயில். எல்லோரும் கேட்பார்கள்: இன்னா பாப்பா, சண்ட எப்ப முடியும், யாரு ஜெயிப்பா? இந்தத் தடவை "தெரியலக்கா" என்று மட்டும் சொல்லிப் பார்க்கப் போகிறேன். வீட்டில் கண்ணாடி முன்னால் பழகினேன். முதல் இரண்டு தடவையும் 'தெரியல, ஆனா…' என்றுதான் வந்தது.