அவரைப் புதைக்க ஓரிடம்

என் கணவர் இறந்த அன்று காலையில்தான் எங்கள் ஜெபவீட்டுக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது என்பது எனக்கு உறைத்தது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில், ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடுகிற சின்னக் கூட்டம் நாங்கள். மைக் வாங்குவது பற்றி யோசித்திருக்கிறோம், பாய் வாங்குவது பற்றி யோசித்திருக்கிறோம். ஆண்டவர் சீக்கிரம் வருகிறார், உயிரோடேயே நம்மை எடுத்துக்கொள்வார் என்று வாராவாரம் கேட்கிறவர்களுக்குக் குழி எங்கே ஞாபகம் வரும்? பாஸ்டர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

“என்னை எரிச்சுபோடாத, மண்ணுக்குள்ளதான் வெக்கோணும்” என்று ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தார் அவர். உயிர்த்தெழும் நாளில் உடம்போடு எழ வேண்டுமாம். சரி என்று தலையாட்டியிருந்தேன்.

ஊர் மயானத்துக்குப் போகும் வழியில் பங்காளிகள் நின்றுகொண்டார்கள். மதம் மாறினவனுக்கு இங்கே இடமில்லை என்றார்கள். கணவரின் அண்ணன் மட்டும் வீட்டுக்குள் வந்து ஐஸ் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நெத்தியில துளி துண்ணூறு வெச்சுபோடலாம் அம்மணி. ஒரு தேங்கா, ஒரு சூடம். அவிகளை நான் பேசிச் சரிபண்ணிபோடறேன்.”

“அதெல்லாம் வேண்டாம்னுதானுங்க மாமா அவரு இத்தன வருசம் இருந்தாரு.”

“செத்தவனுக்கு என்ன கண்ணு தெரியப்போகுது?”

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடி அழுதார். நல்ல மனுஷன். அதனால்தான் முடியாது என்று சொல்ல அத்தனை கஷ்டமாக இருந்தது.

பாஸ்டர் டவுனில் இருக்கும் பழைய சபைக்கு ஓடினார். அவர்களிடம் சுற்றுச்சுவர் வைத்த கல்லறைத் தோட்டம் இருக்கிறது. எங்கள் சபையாருக்கே இடம் பத்தவில்லைங்க என்று மரியாதையாகச் சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அந்தக் காபியை அவர் குடித்துவிட்டு வந்தது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மத்தியானம் கரண்ட் போய் ஐஸ் பெட்டி நின்றுவிட்டது. சித்திரை வெயில். கொஞ்ச நேரத்தில் வாடை வரத் தொடங்கியதும் நான் உடைந்துபோனேன். எரிவாயு மயானத்துக்கே கொண்டுபோகலாம் என்று என் வாயாலேயே சொன்னேன்.

சாம்பலை ஒரு சின்னப் பானையில் போட்டுக் கொடுத்தார்கள். எங்களுக்கு முன்னால் வாங்கியவர்கள் நேராக ஆற்றுக்குப் போனார்கள். பாஸ்டர் வேதாகமத்தைப் புரட்டிக்கொண்டே நின்றார். குழிக்கு முன்னால் வாசிக்க அவரிடம் வசனம் இருந்தது, பானைக்கு முன்னால் வாசிக்க ஒன்றும் இல்லை.

“இத என்ன பண்றதுங்க சிஸ்டர்?” என்று என்னையே கேட்டார்.

பானையை முந்தானையில் சுற்றிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். இன்னும் சூடு ஆறவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த அம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“மடியில என்னங்க அம்மணி?”

“எங்கூட்டுக்காரருங்க” என்றேன்.

அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.