கிணறு இருந்த புள்ளி

"உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு எடத்த எடுத்துக்குங்க"ன்னு பயிற்சி குடுக்க வந்த சார் சொன்னதும், நூலகத்துல உக்காந்திருந்த அத்தன பேரும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஓடினாங்க. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. அந்தக் கோயில் என்ன காணாமயா போயிருச்சு, கம்ப்யூட்டர்ல தேடிக் கண்டுபிடிக்க? நான் எங்க கொல்லைக்காட்டுல இருந்த கெணத்த எடுத்துக்கிட்டேன்.

பெரம்பலூர் பக்கம் ஒரு பல்கலைக்கழக நூலகத்துல எனக்கு வேலை. வரைபடத் தரவு, கம்ப்யூட்டர்லயே வரைபடம் போடுற ஜிஐஎஸ்னு மாணவர்களுக்குப் பயிற்சி வச்சப்ப, நானும் ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டேன். படிக்கிற ஆசையெல்லாம் ஒண்ணும் கெடையாது. அம்மாவோட நச்சரிப்பு தாங்கல.

என் மகளுக்குக் கல்யாணம் வச்சிருந்தோம். எங்க வூட்ல கல்யாணம்னா மொதல்ல பூவாடைக்காரியக் கூப்புடணும். குடும்பத்துல செத்துப்போன பொண்ண, தண்ணி இருக்குற எடத்துல நின்னு கூப்புட்டு, கொடத்துல வச்சு வூட்டுக்கு அழைச்சுட்டு வரணும். எங்களுக்கு அது என் தங்கச்சி. கல்யாண வயசுல காய்ச்சல் கண்டு போயிட்டா. கல்யாணம் ஆவாத பொண்ணுன்னு எரிக்காம, அரியலூர் பக்கம் எங்க கொல்லையிலயே கெணத்தடியில பொதச்சோம். தம்பி கல்யாணத்தப்ப அந்தக் கெணத்துலதான் குடம் நெரப்பி, பூச்சுத்தி, புதுத் தாவணி வச்சுக் கூப்புட்டோம். அவ எங்க சித்தி மேல எறங்கி, "வரேன்"னா. அம்மா அழுதுகிட்டே சிரிச்சுச்சு.

அதுக்கப்புறம் சுண்ணாம்புக்கல் எடுக்கன்னு அந்தப் பக்கத்துக் கொல்லையெல்லாம் போச்சு. எங்களதும் போச்சு. வெட்டி எடுத்துட்டு விட்ட பள்ளத்துல மழத்தண்ணி நின்னு, இப்பப் பாத்தா ஏரியாட்டம் கெடக்கு.

"வூட்டு போர்வெல் தண்ணியிலயே கூப்புடுவோமே"ன்னு தம்பி ஒரு வார்த்தை சொன்னான். அம்மா அவன மொறச்ச மொறைப்புல எந்திரிச்சு வெளியில போயிட்டான். "அவ எங்க கெடக்காளோ அங்க போயிக் கூப்புட்டாத்தாண்டி வருவா. பேத்தி கல்யாணத்துக்கு அவ வராம, நான் மட்டும் மணவறைக்கு முன்னால எப்படி உக்காருவேன்?"

ஒரு தடவ கூட்டிட்டுப் போனேன். வேலிக் கம்பி, சீமக்கருவ, பள்ளம். அம்மா வெயில்ல அங்கயும் இங்கயுமா நடந்துச்சு. "இங்கதான்… இல்ல இல்ல, அந்தாண்ட." எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "ஏம்மா உசுர வாங்குற, நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன், கெளம்பு"ன்னு கத்திட்டேன். அந்த வாய்க்காகத்தான் பயிற்சியில போயி உக்காந்தது.

எங்க ஊரோட பழைய சர்வே வரைபடத்த, இப்பத்திய செயற்கைக்கோள் படத்து மேல பொருத்தணும். ரெண்டுலயும் மாறாம இருக்குற எடமாப் பாத்துப் புள்ளி குத்திக்கிட்டே வரணும். அய்யனார் கோயில் இருந்துச்சு, குத்தினேன். ஏரி மதகு இருந்துச்சு, குத்தினேன். ரோட்டு முக்கு இருந்துச்சு. கெழக்கால ஒரு எழவும் இல்ல. வண்டிப்பாதை, களம், எங்க கெணத்துச் சின்ன வட்டம், எல்லாம் பழைய வரைபடத்துல இருக்கு. புதுப் படத்துல வெறும் பச்சைத் தண்ணி.

"பரவால்ல மேடம், இருக்குறத வச்சே பொருத்திரலாம்"னாரு சார். பொருத்தினோம். கெணத்துக்கு வச்ச செவப்புப் புள்ளி போயி நட்டநடுத் தண்ணியில உக்காந்துச்சு.

"சூப்பர் மேடம்! தப்பு வந்தாலும் ரெண்டு மூணு மீட்டர்தான்." பாவம், அவருக்கு என்ன தெரியும்?

"ஆழம் எவ்ளோ சார்?"

"இந்தப் புள்ளிக்கு ஆழமெல்லாம் கெடையாது மேடம். அதுக்குத் தனித் தரவு இருக்கு." அதையும் எறக்கிப் போட்டுக் காட்டுனாரு. கெணத்து வாய் இருந்த மட்டத்துல இப்ப காத்துதான் இருக்கு. தரை எங்கயோ கீழ கெடக்கு. கெணறும் இல்ல, கெணத்தச் சுத்தியிருந்த மண்ணும் இல்ல. என் தங்கச்சிய மூடுன மண்ணு எந்த லாரியில ஏறி எங்க போச்சோ! பழைய பத்திரிகை அடுக்கியிருக்குற அலமாரிக்குப் பின்னால போயி, முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழுதேன். தாங்கவே முடியல.

அம்மாகிட்ட அவ்வளவும் சொல்ல மனசு வரல. "எடம் தெரிஞ்சுருச்சு, தண்ணி கெடக்கு"ன்னு மட்டும் சொன்னேன். அம்மாவுக்கு மொகமே மலர்ந்து போச்சு. "தண்ணி இருந்தாப் போதும்டி, வந்துருவா."

கல்யாணத்துக்கு முன்னால ஒரு வெள்ளிக்கெழம போனோம். நான், அம்மா, சித்தி. காவலுக்கு இருந்தவரு நல்ல மனுசன். "பள்ளத்துக்குள்ள எறங்கக்கூடாதுங்க, கம்பிகிட்ட நின்னு கும்புட்டுக்குங்க"ன்னு சொல்லிட்டு, எங்க கொடத்த வாங்கி அவரே எறங்கிப் போயி மொண்டு குடுத்தாரு.

கொடத்துக்குப் பூச்சுத்தி, தாவணி வச்சு, சூடம் ஏத்தினோம். அம்மா தங்கச்சி பேரச் சொல்லிக் கூப்புட்டுச்சு. "அக்கா மவளுக்குக் கல்யாணம்டி, என் தங்கமே, வந்துரு." சித்தி கண்ண மூடிக்கிட்டு நின்னா. ஒடம்புல ஒரு நடுக்கமும் இல்ல. அம்மா திரும்பக் கூப்புட்டுச்சு. தொண்ட கட்டிப்போற வரைக்கும் கூப்புட்டுச்சு. சூடம் அணைஞ்சும் போச்சு. கடைசியில சித்தி கண்ணத் தொறந்து, "வரலக்கா"ன்னா.

அம்மா என் பக்கம் திரும்புச்சு. "சரியா எந்த எடம்டி? கையக் காட்டு."

செல்போன்ல ஏத்தி வச்சிருந்த அந்தப் படத்துல, நாங்க நின்ன எடம் பள்ளத்து ஓரத்துல தெரிஞ்சுச்சு. செவப்புப் புள்ளி ரொம்பத் தள்ளி இருந்துச்சு. வேற வழியில்லாம நடுத்தண்ணியப் பாத்துக் கைய நீட்டினேன்.

அம்மா கம்பியப் புடிச்சுக்கிட்டு அந்தத் தண்ணியவே பாத்துச்சு.

"நடுவுலயா கெடக்கா? அங்கேருந்து எப்புடிடி கரைக்கு வருவா? அவளுக்கு நீச்சல் தெரியாதேடி."